முப்பது டிகிரி குறைந்த தெரு

செங்கப்பாளையம் வட்டக் காலனியில் ஏழாம் நம்பர் வீடு காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, தண்ணீர் லாரி வந்துபோன பிறகு, தபால்காரர் வருவதற்கு முன்னால். வீட்டோடு அதன் முருங்கை மரமும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு வேட்டியும், உள்ளே கட்டிலில் சாய்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கமலவேணியின் புருஷன் திருமூர்த்தியும் போய்விட்டார்கள். சத்தம் கேட்கவில்லை, குழி விழவில்லை, புழுதிகூடக் கிளம்பவில்லை. ஆறாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவே காலியிடம் கிடந்திருந்தால் ஜனங்கள் நின்று பார்த்து உச்சுக்கொட்டியிருப்பார்கள். ஆனால் ஆறாம் வீட்டுச் சுவரை அடுத்து எட்டாம் வீட்டுச் சுவர் இருந்தது, இரண்டுக்கும் நடுவே வழக்கம்போல ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து இருந்தது, அந்தச் சந்தில் வழக்கம்போல ஒரு பூனை படுத்திருந்தது.

அந்தக் காலனியைக் கட்டிய முதலாளிக்குக் கோணத்தின் மேல் பைத்தியம். ஊரில் மற்றவர்கள் நெல் அரைக்கவும் நூல் நூற்கவும் ஆலை வைத்தபோது அவர் கோணம் அளக்க ஒரு நிலையம் வைத்தார். பட்டறைகளில் செய்யும் நுட்பமான கருவிகள் எத்தனை டிகிரி திரும்புகின்றன, எத்தனை நிமிடம், எத்தனை விநாடி பிசகுகின்றன என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதுதான் அதன் வேலை. மணியைப் போலவே கோணத்துக்கும் நிமிடமும் விநாடியும் உண்டு, கோணத்தின் ஒரு விநாடி என்பது கண்ணுக்கே தெரியாத பிசகு. அங்கே வேலை பார்த்த பன்னிரண்டு குடும்பங்களுக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நடுவில் வைத்து வட்டமாகப் பன்னிரண்டு வீடுகள் கட்டிக்கொடுத்தார், வீட்டுக்கு வீடு சரியாக முப்பது டிகிரி, அதைத் தானே நின்று அளந்து பார்த்துவிட்டுத்தான் செத்துப்போனார். அவர் போனபின் ஜனங்கள் அந்த நிலையத்தைக் கோணக் கம்பெனி என்றார்கள், அதில் வேலை பார்க்கிறவர்களிடம் பேச்சு எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்கள்.

கமலவேணி அங்கே இருபத்தாறு வருஷமாகக் குழல் பார்க்கிறவள். மேஜையில் பன்னிரண்டு முகம் கொண்ட இரும்புக் கட்டை இருக்கும், முகத்துக்கு முகம் கண்ணாடி. அதற்கு எதிரே தொலைநோக்கி மாதிரி ஒரு குழல், குழலுக்குள்ளிருந்து ஒளியால் ஆன ஒரு சிலுவைக்கோடு போய் முகத்தில் பட்டுத் திரும்பி வரும். அது எத்தனை விநாடி விலகி வருகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து அவள் நோட்டில் எழுதுவாள். பன்னிரண்டையும் கூட்டினால் முன்னூற்று அறுபது டிகிரி வர வேண்டும். வரவே வராது, இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ மிச்சம் நிற்கும், வட்டம் அடைபடாது. அந்த மிச்சத்துக்காக எந்த முகத்தையும் குற்றம் சொல்லாமல் பன்னிரண்டுக்கும் சமமாகப் பங்கு போட்டு வட்டத்தை அடைத்துவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம், அதில் மோசடி ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் குழலின் முனையில், அவள் கண் வைக்கும் இடத்தில், முதல் தடவையாக ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். இனி கமலவேணி பார்த்ததைக் கேமரா பார்க்கும், கமலவேணி கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று மேனேஜர் குப்புராஜ் சொன்னார். கட்டை தானே திரும்பியது, முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, எண்கள் திரையில் விழுந்தன, அவளுக்குக் கண் வலிக்கவில்லை, ஆனால் வேறு எங்கேயோ வலித்தது. ஆறு முகம் முடிந்ததும் திரை அவளைக் கேட்டது: ஏழாம் முகம் தெளிவாக இல்லை, விலக்கலாமா? யாரோ கைவிரல் பட்ட கறையாக இருக்கும், எழுந்துபோய்ப் பட்டுத்துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால் தீர்ந்தது. இருபத்தாறு வருஷமாக அவள் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு, எல்லாம் தெரிந்த கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளுக்குள் ஒரு முறுக்கு வந்தது. ஆம் என்ற இடத்தில் விரலை வைத்தாள். அப்போது மணி மூன்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் ஆறாம் வீட்டைத் தாண்டினாள், எட்டாம் வீடு வந்தது. திரும்பி நடந்தாள், எட்டைத் தாண்டினாள், ஆறு வந்தது. இப்படி நாலைந்து தடவை நடந்த பிறகு எட்டாம் வீட்டுப் பழனாத்தாள் வாசலுக்கு வந்து, "அக்கா, உங்க வீட்டைக் காணமுங்க. நானும் மத்தியானத்திலிருந்து பாக்கறேன். மொதல்ல உள்ள வந்து காப்பி குடிங்க," என்றாள். பழனாத்தாளின் புருஷன் சின்னராசு கடைசல் மெஷினில் வேலை பார்க்கிறவர், வாய் திறந்து பேசத் தெரியாத மனுஷன். அவர் பின்கட்டு அறையிலிருந்த வெங்காய மூட்டைகளை எடுத்து வெளியே வைத்து, கூட்டி, ஒரு பாயைப் போட்டார். அன்றிலிருந்து கமலவேணி அங்கே இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் நிலையத்துக்கு ஓடினாள். ஏழாம் முகத்தைத் துடைத்தாள், ஒரு தடவை அல்ல, நாற்பது தடவை. கேமராவை முதலிலிருந்து ஓட்டினாள். பன்னிரண்டு முகமும் தெளிவாக வந்தன, திரை எதையும் விலக்கக் கேட்கவில்லை, வட்டம் அழகாக அடைபட்டது. திரும்ப ஓடிவந்து பார்த்தால் தெருவில் பதினொரு வீடுதான் இருந்தது. தான் விரல் வைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அதோடுதான் சாப்பிட்டாள், அதோடுதான் தூங்கினாள்.

இனி காலனி இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நாம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது போலத்தான். பால்காரர் கையில் ஒரு பாக்கெட் மிஞ்சியது, அதை எட்டாம் வீட்டில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். மின்வாரியத்திலிருந்து வந்தவர் மீட்டர் இல்லாத வீட்டுக்கு ரீடிங் எடுக்க முடியாது என்று எழுதிக்கொண்டார். தாசில்தார் ஆபீசில், வீடு இருந்தால்தானே ஆள் காணோம் என்று மனு வாங்க முடியும், முகவரி இல்லாத மனுவை எந்த ஃபைலில் வைப்பது என்று கேட்டார்கள், கேட்டது நியாயமாகவும் இருந்தது. தொட்டி கழுவுவது சித்திரை முதல் பங்குனி வரை மாசத்துக்கு ஒரு வீட்டு முறை. ஐப்பசி ஏழாம் வீட்டு முறை என்பதால் ஐப்பசியில் தொட்டியை யாரும் கழுவவில்லை, தண்ணீரில் பாசி வாடை அடித்தது, யாருடைய முறை என்று யாரும் கேட்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். கமலவேணி பொட்டு வைக்கலாமா கூடாதா என்று பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். ஆள் செத்தான் என்று யாராவது வந்து சொல்லும்வரை வைத்துக்கொள்ளட்டும் என்று பழனாத்தாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

ஒன்றைத்தான் அவர்களால் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொருவரும் தன் வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தால் பக்கத்து வீடு சரியாக முப்பது டிகிரியில்தான் இருந்தது, எந்த இடத்திலும் எந்தப் பிசகும் இல்லை. ஆனால் தொட்டியை முழுதாகச் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்போது முகம் முப்பது டிகிரி திரும்பியிருந்தது. மாரியம்மன் சப்பரம் கோயில் வாசலிலிருந்து கிளம்பிக் காலனியைச் சுற்றி வந்து இறங்கியபோது அம்மன் தன் கோயிலைப் பார்க்காமல் மின்சாரக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு சுற்று சுற்றினார்கள், டீக்கடையைப் பார்த்தாள். மூன்றாம் சுற்றில் சாக்கடையைப் பார்த்தாள், பூசாரி அவசரமாகத் திரையைப் போட்டார். கணக்குத் தெரிந்த ஜனங்கள் அல்லவா, பன்னிரண்டு சுற்று சுற்றினால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்து, அது முதல் எல்லாச் சப்பரமும் பன்னிரண்டு சுற்று போனது, தூக்குகிறவர்களுக்குத் தோள் வீங்கியது.

கமலவேணிக்கு மட்டும் அந்தப் பிசகு தேவைப்பட்டது. திருமூர்த்தி ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார், பதினேழு வருஷமாக ஒரே ஆராய்ச்சியை முடிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார், கல்லூரியில் அவருக்கு முன்னேற்றமும் இல்லை, அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. சாப்பிடும்போது விளக்குவார். "ஒன்னுல ஓட்டை இருக்குதான்னு நின்ன இடத்திலிருந்து பாத்தாத் தெரியாது வேணி. எங்க நின்னாலும் எல்லாம் ஒத்துத்தான் போகும். முழுசாச் சுத்தி வந்து, கெளம்பின கணக்கும் வந்து சேர்ந்த கணக்கும் ஒத்துப்போகலைன்னாத்தான் உள்ள ஓட்டைன்னு அர்த்தம். அந்த ஒத்துப்போகாததையெல்லாம் சேத்து வெச்சா அதுகளைக் கூட்டலாம், பெருக்கலாம். அதுக்குப் பேருதான் கோஹோமாலஜி வளையம்."

"ஓட்டையைப் பெருக்கி என்னங்க பண்றது?" என்று அவள் கேட்டாள்.

"வேற மாதிரி ஓட்டை கெடைக்கும். ரொம்பப் பெருக்கினா பூஜ்யந்தான்," என்று சொல்லி அவர் தானே சிரித்துக்கொண்டார்.

அன்றைக்கு அவள் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்போது அந்தப் பேச்சை அவள் விடவில்லை. சுற்றினால் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருக்கிறவரை அவர் அதற்குள் இருக்கிறார். இருக்கிற மனுஷன் ஒருநாள் வருவார். தினமும் வேலைக்குப் போகுமுன் எட்டாம் வீட்டு வாசலில் கிழக்கே பார்த்து நின்று கிளம்புவாள், தொட்டியைச் சுற்றி வருவாள், வந்து நிற்கும்போது முகம் கிழக்கில் இருக்காது. இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை என்று மனசு ஆறும். அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல், அதைக் கொண்டுதான் ஒன்பது மாசம் ஓட்டினாள்.

ஒன்பதாம் வீட்டில் முத்துலட்சுமி என்று ஒரு விதவை இருந்தாள், புருஷன் போய்ப் பதினாலு வருஷம். சில மத்தியானங்களில் கமலவேணி அவள் பக்கத்தில் போய் உட்காருவாள். என் ஓட்டையையும் இவள் ஓட்டையையும் பெருக்கினால் என்ன வரும் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், பிறகு முத்துலட்சுமி உலை வைக்க எழுந்துவிடுவாள்.

அப்போது பழனாத்தாளின் மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்குக் காங்கேயம் பக்கம், நல்ல இடம், பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போன இடம். மாப்பிள்ளை அழைப்பில் காலனியைச் சுற்றி வந்து பெண் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஒத்திகை பார்க்க மாப்பிள்ளையும் அவன் பெரிய மாமனும் ஒருநாள் வந்து சுற்றினார்கள். மாப்பிள்ளை வாசலில் நின்ற பெண்ணைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு சுற்று சுற்றினால் சரியாகும் என்று சின்னராசு எப்படியோ வாயைத் திறந்து சொன்னார். "அதுக்குள்ள முகூர்த்தம் போயிருமுங்க," என்றார் பெரிய மாமன். "மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கற வாசல்ல பொண்ணெடுக்கறது எங்க பக்கம் வழக்கமில்லைங்க. சரி பண்ணீட்டுச் சொல்லியனுப்புங்க." அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள், ஆனால் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

கோகிலவாணி எடுத்து வைத்திருந்த புடவைகளை மறுபடி மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள், கமலவேணிக்குச் சோறு போடும்போது வழக்கம்போல இன்னொரு கரண்டி வைத்தாள். அதுதான் கமலவேணியை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியடியில் எல்லோரும் கூடினார்கள். ஒன்றாம் வீட்டுக் குப்புராஜ், இருபது வருஷமாக நிலையத்தில் சொல்கிற அதே குரலில், "மிச்சம் நிக்குது, அவ்வளவுதானே. பங்கு போட்டுரலாமுங்க," என்றார். எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் ஆடியது, ஏனென்றால் வாழ்க்கை முழுக்க அவர்கள் செய்துவந்தது அதுதான். முப்பது டிகிரியைப் பதினொரு வீட்டுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கல், ஒவ்வொரு வாசலுக்கும் எதிரே பாதையில் பதிக்க வேண்டும், கல்லில் ஒரு கோடு, அந்தக் கோட்டில் வந்து நின்று அவ்வளவு மட்டும் திரும்பிவிட்டு நடந்தால் சுற்றி முடிக்கும்போது முகம் சரியான பக்கத்தில் இருக்கும். யார் மேலும் குற்றம் இல்லை, யாருக்கும் பாரம் இல்லை. வேறு எந்த ஊரிலாவது தோண்டிப் பார்த்திருப்பார்கள், சாமியாடிக் கேட்டிருப்பார்கள், அழுதாவது தீர்த்திருப்பார்கள். இவர்களுக்கு அது தோன்றவில்லை.

"கமலாம்மா சரின்னு சொன்னாத்தான்," என்றார் குப்புராஜ். "வேண்டாம்னா விட்டுருவோம். ஒரு பேச்சும் இல்லை."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பழனாத்தாள் மட்டும் தரையைப் பார்த்தாள். இந்த வட்டம் அடைபட்டுவிட்டால் அவர் வருவதற்கு வழி கிடையாது என்று எழுந்து சொல்லக் கமலவேணிக்கு நாக்கு வரை வந்தது. ஒன்பது மாசம் அந்த வீட்டில் தின்ற சோறு அதை அங்கேயே நிறுத்தியது. "போட்டுருங்க," என்றாள்.

கல் பதிக்கக் கோணம் பார்க்கும் வேலையும் அவளுக்கே வந்தது. குழலையும் கேமராவையும் தள்ளுவண்டியில் வைத்து வாசல் வாசலாகக் கொண்டுபோனார்கள். ஒரு பங்கு இரண்டு டிகிரி, நாற்பத்து மூன்று நிமிடம், முப்பத்தெட்டு விநாடி. அப்படிப் பதினொன்று போட்டாலும் கடைசியில் இரண்டு விநாடி மிஞ்சியது. "ரெண்டு விநாடி யாருக்குத் தெரியப்போகுது, விட்டுருங்க," என்றார் குப்புராஜ். அவள் அதை எட்டாம் வீட்டுக் கல்லில் சேர்த்துவிடச் சொன்னாள். இன்னொருத்தர் தலையில் போவதைவிடத் தன் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒரே சுற்றில் வந்து நின்று கோகிலவாணியைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், பழனாத்தாள் கமலவேணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை கமலவேணி கிழக்கே பார்த்துக் கிளம்பிக் கல்லுக்குக் கல் திரும்பிச் சுற்றி வந்தாள், கிழக்கே பார்த்து நின்றாள். அரை விநாடி பிசகும் இல்லை. அவர் செத்துப்போனார் என்று அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

ஆனால் பங்கு போட்டால் பங்கு வந்துதானே சேரும். கல் பதித்த ஒரு வாரத்துக்குள் ஐந்தாம் வீட்டு ஆறுச்சாமி, சொந்தக்காரர்கள் தமாஷ் சொன்னாலே எழுந்து போய்விடுகிற பெரியவர், தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தார், அது திருமூர்த்தியின் சிரிப்பு. ஒன்றாம் வீட்டில் குப்புராஜ் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். மூன்றாம் வீட்டில் எல்லோரும் தட்டில் ஒரு வாய் சோறு மிச்சம் வைத்தார்கள். பத்தாம் வீட்டில் மழை நாளில் மட்டும் ஒரு பழைய குடையின் வாடை வந்தது. ஒன்பதாம் வீட்டு முத்துலட்சுமி ஒருநாள் தயங்கித் தயங்கி, "கமலா, தப்பா நெனச்சுக்காத. கட்டில்ல ஒரு பக்கம் சூடா இருக்குது, ஆள் படுத்து எந்திரிச்ச மாதிரி. பதினாலு வருஷங்கழிச்சு நான் நல்லாத் தூங்கறேன்," என்றாள். கமலவேணிக்குக் கோபம் வரவில்லை, பொறாமை வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

எட்டாம் வீட்டுக்கு வந்தது ஒரு செருமல். திருமூர்த்தி ஏதாவது பேசத் தொடங்குமுன் தொண்டையை ஒரு தடவை செருமுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பின்கட்டு அறைச் சுவருக்குள்ளிருந்து, அந்தச் செருமல் வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. கமலவேணி வேலையிலிருந்து நேரே வந்து ஐந்து மணிக்கு முன்னால் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள், செருமல் வந்ததும் "சொல்லுங்க" என்பாள். இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள்.

இப்படி ஒரு வருஷம் போனது. பிறகு பஞ்சாயத்து ஆபீசிலிருந்து பெயிண்டர் வந்தான். பதினொரு வீட்டுக்கு எதற்குப் பன்னிரண்டு வரை நம்பர் என்று ஒன்றிலிருந்து பதினொன்று வரை புதிதாக எழுதிக்கொண்டே வந்தவன், பழனாத்தாள் வீட்டுச் சுவரில் எட்டை அழித்துவிட்டு ஏழு என்று எழுதினான். பழனாத்தாள் வெளியே வந்து பார்த்து, "நல்லாத்தான் எழுதியிருக்கறான்," என்றாள். அவளுக்கு அது ஒரு நம்பர், அவ்வளவுதான், அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கமலவேணி கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பதினொரு கல்லையும் எடுத்துவிட்டால் முப்பது டிகிரியும் மறுபடி ஒன்றாகச் சேரும், அவரும் ஒன்றாகச் சேருவார் என்பதுதான் அவள் கணக்கு. முதலில் முத்துலட்சுமியிடம் போனாள். முத்துலட்சுமி வெகுநேரம் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே நின்றாள். "குடுத்தர்றேன் கமலா, உன்னுது உனக்கில்லாம எனக்கெதுக்கு. ஆனா பத்தாம் வீட்டுல எடுத்தப்புறம் எடுத்துக்க." புது நம்பர் இன்னும் யார் வாயிலும் வரவில்லை, பத்தாம் வீட்டில் பதினொன்றாம் வீடு எடுக்கட்டும் என்றார்கள். அங்கே பன்னிரண்டு என்றார்கள். குப்புராஜ், எல்லோரும் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை, அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார். ஆறுச்சாமி, "நான் சிரிச்சு நீ பாத்திருக்கறயா அம்மிணி? என்ற வயசுல இது பெரிய விசயம். செரி, ஆறாம் வீட்டுல எடுத்தா எடுத்துக்க," என்றார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அவள் வீடு வீடாகக் கேட்டாள், உங்களிடம் அவர் பேச்சு ஏதாவது வந்ததா, ஒரு வார்த்தையாவது வந்ததா என்று. சிரிப்பு வந்திருந்தது, சூடு வந்திருந்தது, வாடை வந்திருந்தது. வார்த்தை எந்த வீட்டுப் பங்கிலும் விழவில்லை.

ஆறாம் வீட்டுக்காரி வெளியே வந்து நேராகச் சொன்னாள்: "எங்களுக்கு அடுத்தது உங்க கல்லுதானுங்க்கா. நீங்க மொதல்ல உங்களுதை எடுங்க. அதைப் பாத்துட்டு நாங்க அத்தனை பேரும் எடுத்தர்றோம், சத்தியமா."

அவள் சொன்னது வீண்பேச்சில்லை. கமலவேணி எட்டாம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது காலனி முழுக்க வெளியே வந்திருந்தது. ஆளாளுக்குத் தங்கள் கல்லின் பக்கத்தில் கடப்பாரையோ மண்வெட்டியோ வைத்துக்கொண்டு நின்றார்கள். முத்துலட்சுமி அழுதுகொண்டே நின்றாள், ஆனால் நின்றாள். குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் ஒரு நெம்பு நெம்பினால் போதும்.

அவள் கல்லின் விளிம்பில் கடப்பாரையை நுழைத்தாள். கல் அசைந்தது, நெம்பினால் வந்துவிடும். எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள், எடுத்தால் அவர் வரலாம். வராமலும் போகலாம், அன்றைக்கு அந்த முகத்தை நாற்பது தடவை துடைத்துப் பார்த்தவள் அவள்தான். வராமல் போனால் ஐந்து மணிக்குச் சுவரில் எதுவும் இருக்காது. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான், பதினொன்றில் ஒரு பங்கும் இரண்டு விநாடியும். கைகள் கடப்பாரையைப் பிடித்தபடியே இருந்தன, அழுத்த மாட்டேன் என்றன.

எவ்வளவு நேரம் நின்றாளோ. பழனாத்தாள் கிட்டே வந்து, "எடுங்கக்கா," என்றாள்.

"மணி என்ன ஆச்சு பழனாத்தா?"

"அஞ்சாகப் போகுதுங்க."

கமலவேணி கடப்பாரையை உருவிக் கீழே போட்டாள். அசைந்த கல்லைக் காலால் அழுத்தி அதன் இடத்தில் உட்கார வைத்தாள், சுற்றிலும் மண்ணைத் தள்ளி மிதித்தாள். மற்றவர்கள் கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது நிம்மதிதான் என்று அவளுக்குத் தெரிந்தது, அவர்களுக்கும் அவள் முகத்தில் அதுவே தெரிந்திருக்க வேண்டும்.

அவள் உள்ளே போய்ச் சுவரில் காதை வைத்து உட்கார்ந்தாள். ஐந்து மணிக்குச் சுவர் தொண்டையைச் செருமியது. இந்த ஊரில் பதினொரு வீட்டில் எங்கேயும் அதற்கு அடுத்த வார்த்தை இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க," என்றாள்.